அக்மி (acme): உச்சத்துக்கான ஆங்கிலச் சொல், பொருள், வழக்கு, வேர்

(பலர் சேர்ந்து எழுதிய உரையாடல் இழை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

1. அரைப்புள்ளி

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் ‘அக்மி’ என்ற சொல்லைத் தேடினால் ‘உச்சம், சிகரம், கொடுமுடி’ என்று மூன்று சொற்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. சம்மிட், பீக், பினாக்கிள் ஆகியவற்றுக்கும் இதே மூன்றுதான். அப்படியென்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா?

சோதிக்க மூன்று தொடர்கள்: எவரெஸ்ட்டின் அக்மி. சிற்பக் கலையின் அக்மி. காய்ச்சலின் அக்மி. இவற்றில் ஆங்கிலத்தில் எது செல்லும், எது செல்லாது? செல்பவற்றுக்குத் தமிழில் என்ன எழுதுவது? உச்சரிப்பு அக்மியா, ஆக்மேயா?

2. வேர்ச்சொல்

முதல் தொடர் செல்லாது. மற்ற இரண்டும் செல்லும். மூன்றாவதுதான் ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய வீடு என்றே சொல்லலாம்.

உச்சரிப்பு: இரண்டே அசை, அழுத்தம் முதல் அசையில். முதல் உயிரொலி அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நிற்கும். ‘பேங்க்’ என்றும் ‘பாங்க்’ என்றும் எழுதித் தடுமாறுகிறோமே, அதே ஒலி. கடைசியில் ‘மே’ கிடையாது, ‘மி’. ‘அக்மே’ என்பது பழங்கிரேக்க மூலத்தின் உச்சரிப்பு.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் உயரமே அல்ல. கூர்முனை, ஆயுதத்தின் விளிம்பு, அவ்வளவுதான். ஹோமரின் இலியத் 10ஆம் பாடலில் ‘சவரக்கத்தியின் அக்மேயின்மேல் நிற்கிறது’ என்று ஓர் இடம் வரும். இப்படியா அப்படியா என்று தெரியாத நெருக்கடிக்கான உவமை அது. அங்கே அக்மே என்றால் கத்தி விளிம்பு. விளிம்பிலிருந்து ‘ஒரு பொருள் தன் முழு ஆற்றலோடு இருக்கும் கணம்’ என்ற பொருள் கிளைத்தது: உடலின் முழு வலிமை, பயிரின் முற்றிய பருவம், நோயின் முழு வீச்சு, ஒரு செயலைச் செய்யச் சரியான நேரம். வளர்வது தேய்வது எல்லாவற்றுக்கும் ஓர் அக்மே உண்டு. மலை வளர்ந்து தேய்வதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதனால் மலைக்கு இந்தச் சொல் ஒட்டவில்லை.

ஆங்கிலத்துக்குள் 16ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நுழைந்தது. நெடுநாள் வரை கற்றவர்கள் இதைக் கிரேக்க எழுத்திலேயே எழுதினார்கள். ஆங்கில வரிக்கு நடுவே கிரேக்க எழுத்தில் ஒரு சொல் துருத்திக்கொண்டு நிற்கும். 17ஆம் நூற்றாண்டில்தான் ரோமன் எழுத்து உடையைப் போட்டுக்கொண்டது. இன்றும் அதில் ஒரு படிப்பாளி வாடை போகாமல் இருப்பதற்கு அதுவும் காரணம்.

3. நாணல்

வழக்கு பற்றிக் கொஞ்சம்.

இச்சொல் பெரும்பாலும் தனியே வராது. முன்னால் ‘தி’, பின்னால் ‘ஆஃப்’ போட்டு ஒரு பண்பு அல்லது ஒரு போக்கு: ‘தி அக்மி ஆஃப் பெர்ஃபெக்ஷன்’, ‘தி அக்மி ஆஃப் ஹிஸ் கரியர்’. கூட வரும் வினைகள் நாலைந்துதான்: ரீச், அட்டெய்ன், ரெப்ரசென்ட், மார்க், பிறகு வெறும் ‘இஸ்’. ‘கிளைம்ப்’ என்ற வினையோடு எழுதினால் வாசிக்கிறவர் காதில் இடறும். உச்சி என்று மொழிபெயர்த்துப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் பிழை அது.

இன்னும் சில பிழைகள். ‘மோஸ்ட் அக்மி’ கிடையாது. அது பெயர்ச்சொல், அதிலும் ஏற்கெனவே உச்சம். ‘அக்மி பாயின்ட்’ என்றால் நடுசென்டர். பன்மை இலக்கணப்படி சரிதான், ஆனால் அபூர்வம். ஒரு போக்குக்கு ஓர் அக்மிதான் இருக்க முடியும் என்ற உணர்வு சொல்லிலேயே இருக்கிறது. பெயரடை வேண்டுமென்றால் ‘அக்மாட்டிக்’ என்று ஒன்று பெரிய அகராதிகளின் மூலையில் கிடக்கிறது. எழுதினால் ஒருவருக்கும் புரியாது.

நல்ல குணத்தோடு மட்டும்தான் சேர வேண்டும் என்றில்லை. ‘முட்டாள்தனத்தின் அக்மி’ என்று கிண்டலாகவும் எழுதுவார்கள். சொல் கொஞ்சம் விறைப்பானது என்பதால் அந்தக் கிண்டல் நன்றாக எடுபடும்.

மற்ற உச்சிகளோடு ஒப்பிட்டால்: ‘சம்மிட்’ மலைக்கும் தலைவர்கள் கூடும் மாநாட்டுக்கும். இரண்டாவது பொருளுக்கு வித்திட்டது 1950 பிப்ரவரியில் எடின்பரோவில் சர்ச்சில் ஆற்றிய உரை. ‘பீக்’ வரைபடத்துக்கும் போக்குவரத்து நெரிசல் நேரத்துக்கும். ‘அபெக்ஸ்’ கூம்பின் நுனிக்கும் உணவுச் சங்கிலியின் மேல்முனைக்கும். ‘ஸெனித்’ தலைக்கு நேர்மேலே உள்ள வானப் புள்ளிக்கு. ‘பினாக்கிள்’ கட்டடத்தின் மேலே எழுப்பும் கூர்ங்கோபுரம். இறகைக் குறிக்கும் லத்தீன் ‘பின்னா’விலிருந்து வந்தது. ‘கிளைமாக்ஸ்’ கிரேக்கத்தில் ஏணி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இடம் இருக்கிறது, அல்லது ஒரு பொருள் இருக்கிறது. அக்மிக்கு மட்டும் ஆங்கிலத்தில் அப்படி ஒன்று இல்லை. கையால் தொடக்கூடிய அக்மி ஆங்கிலத்தில் கிடையாது.

4. தாதி

கையால் தொடக்கூடிய அக்மி உண்டு, நாணல். பிரசவ அறையில்.

பிரசவ வலியின்போது கருப்பை ஒவ்வொரு முறை சுருங்குவதையும் மூன்று கட்டமாகப் பிரித்துப் பாடப் புத்தகம் சொல்லும்: இன்கிரிமென்ட், அக்மி, டிகிரிமென்ட். ஏற்றம், உச்சம், இறக்கம். அக்மி என்ற சொல் அலங்காரமில்லாமல் தினசரி வேலையில் புழங்கும் இடம் இது.

எப்படி அளப்பது: விரல் நுனிகளைக் கருப்பையின் மேற்பகுதியில் வைத்து, அக்மி வரும்போது லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். மூக்கு நுனிபோல் அமுங்கினால் லேசானது, தாடைபோல் இருந்தால் நடுத்தரம், நெற்றிபோல் அமுங்கவே இல்லை என்றால் பலமானது. வலிமையை அக்மியில் மட்டுமே பார்ப்பார்கள். ஆனால் கால அளவை அக்மியிலிருந்து எண்ணக் கூடாது: ஒரு சுருக்கத்தின் நீளம் என்பது ஏற்றம் தொடங்கியதிலிருந்து இறக்கம் முடியும் வரை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பது ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரை. ஒன்று முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணினால் அது இடைவெளி ஓய்வு, அடிக்கடித்தன்மை அல்ல. புதிதாகக் கற்பவர்கள் வழுக்கும் இடம் இதுதான்.

குழந்தையின் இதயத்துடிப்புப் பட்டியிலும் அக்மிதான் அடையாளக் கல். துடிப்பு படிப்படியாகக் குறைந்து, அதன் அடிப்புள்ளி சுருக்கத்தின் அக்மியோடு ஒரே நேரத்தில் விழுந்தால் பெரும்பாலும் தலை அழுந்துவதால் வருவது, பயமில்லை. அடிப்புள்ளி அக்மியைத் தாண்டிப் பிந்தி விழுந்தால் நச்சுக்கொடி வழியே போதிய ஆக்சிஜன் போகவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப வந்தால் உடனே நடவடிக்கை. இரண்டு வளைவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்வது அடிப்புள்ளி அக்மியோடா, அக்மிக்குப் பின்னா என்ற ஒரே விஷயம்.

5. வேர்ச்சொல்

தாதி சொன்னதன் பாட்டன் பழங்கிரேக்க மருத்துவத்தில் இருக்கிறான். நோயின் போக்கை நான்காகப் பிரித்தார்கள்: தொடக்கம், ஏற்றம், அக்மே, பாரக்மே. கிரேக்க மருத்துவர் கேலன் இதை விரிவாக எழுதியவர். ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூற்பாக்களிலேயே ‘நோய் அக்மேயில் இருக்கும்போது உணவு மிகக் குறைவாக இருக்க வேண்டும்’ என்ற விதி வருகிறது. எனவே அரைப்புள்ளியின் மூன்றாவது தொடர், காய்ச்சலின் அக்மி, உருவகமே அல்ல, நேர்ப்பொருள்.

6. அரைப்புள்ளி

பாரக்மே என்றால் அக்மியின் எதிர்ச்சொல்லா? ‘நேடிர்’ என்றல்லவா எழுதுகிறார்கள்?

7. வேர்ச்சொல்

நேடிர் அரபியிலிருந்து வந்த வானியல் சொல். ஸெனித்துக்கு நேர் எதிரே, காலுக்குக் கீழே இருக்கும் புள்ளி. அதன் முறையான துணை ஸெனித். அக்மிக்கு எதிராக நேடிரை எழுதுவது பொது வழக்கில் தவறில்லை, ஆனால் பொருள் வேறு. நேடிர் என்பது அடிமட்டம். பாரக்மே என்பது உச்சம் கடந்த பின் வரும் சரிவு. ‘பாரா’ முன்னொட்டுக்கு இங்கே ‘தாண்டி’ என்று பொருள்.

ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் 1866இல் வெளியிட்ட நூலில் ஓர் உயிரினக் கூட்டத்தின் வரலாற்றுக்கே இதை நீட்டினார்: எபக்மே, அக்மே, பாரக்மே. வளர்வது, செழிப்பது, தேய்வது. அந்தக் கோட்பாட்டை இன்று யாரும் தூக்கிச் சுமப்பதில்லை. சொற்கள் மட்டும் தங்கிவிட்டன.

8. பாறைத்தடம்

தங்கிய இடம் எங்கள் துறை. படிவப் பாறைகளை அவற்றிலுள்ள தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு அடுக்கும்போது, ஓர் இனம் வழக்கத்தைவிட மிக மலிந்து கிடக்கும் அடுக்கை ‘அக்மி மண்டலம்’ என்பார்கள். இப்போது பாறை அடுக்கியலின் பன்னாட்டு வழிகாட்டி ‘அபண்டன்ஸ் மண்டலம்’ (மிகுதி மண்டலம்) என்ற பெயரையே விரும்புகிறது. காரணம் நியாயமானது. அக்மி என்றவுடன் அந்த இனத்தின் பரிணாம உச்சக் காலம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் மலிவதற்குக் கடலின் சூடு, சத்து, ஆழம் என்று உள்ளூர்க் காரணங்கள் போதும். ஒரு கடற்படுகையில் மலிந்த காலமும் இன்னொன்றில் மலிந்த காலமும் ஒன்று என்று நினைத்துக் கோடிழுத்தால் அடுக்கு தப்பும். இனம் முதலில் தோன்றிய மட்டத்தையும் கடைசியாகக் காணப்படும் மட்டத்தையும் குறித்துவிட்டு, அக்மியைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

‘பாரக்மே’ எங்களிடம் சற்றே திரிந்திருக்கிறது. கடலடிச் சேற்றிலுள்ள நுண்சுண்ணாம்பு எச்சங்களைப் படிப்பவர்கள், ஓர் இனம் இடையில் காணாமல் போய் அல்லது அரிதாகி மீண்டும் வரும் இடைவெளிக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். முதுமைச் சரிவு என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும், திரும்பி வருகிறதே!

9. கடைசல்

லேத் (கடைசல் இயந்திரம்) பக்கமிருந்து ஒன்று. ‘அக்மி மரை’ (திருகில் வெட்டும் புரியில் ஒரு வகை) என்று கேள்விப்பட்டவர்கள், அக்மி என்றால் முனை, மரையின் முகடு கூராக இருக்கும், அதனால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்வதுண்டு. தலைகீழ். அக்மி மரையின் முகடு தட்டை. கூராக இருப்பது சாதாரண ‘வி’ மரையின் அடிப்படை வடிவம்.

அக்மி மரையின் வெட்டுமுகம் சரிவகம். இரு பக்கச் சரிவுக்கும் இடைக் கோணம் 29 பாகை, அதாவது பக்கத்துக்கு 14.5. முன்பு இருந்த சதுர மரைக்குப் பதிலாக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. சதுர மரையில் உராய்வு கொஞ்சம் குறைவுதான், ஆனால் வெட்டுவது கடினம், பற்களின் அடி மெலிவு. லேத்தில் வெட்டும் டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவில், அதைக் கவ்வும் ஹாஃப் நட்டைப் பிடித்து விடுவதற்கும் சரிவு வேண்டும்; செங்குத்துச் சுவரில் சட்டென்று உட்காராது.

கணக்கு: 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 5 மரை என்று வைத்துக்கொண்டால் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைத்தூரம்) 0.2 அங்குலம். ஆழம் பிட்ச்சில் பாதி, கூட 0.010 அங்குல இடைவெளி: 0.110. முகட்டின் தட்டை அகலம் 0.3707 பெருக்கல் பிட்ச்: 0.0741 அங்குலம். வெட்டும் டூலின் நுனி அதைவிட 0.0052 குறைவாக, 0.0689 இருக்க வேண்டும். நுனியை முகட்டின் அகலத்துக்கே தீட்டிவிட்டு முழு ஆழத்துக்குப் போனால் பல் மெலிந்து நட் ஆடும்.

மெட்ரிக் சரிவக மரை வேறு; அதன் கோணம் 30 பாகை. ஒரு பாகைதானே என்று கலக்கக் கூடாது. 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. பிட்ச் கொண்ட ஸ்க்ரூவில் மேலே சொன்ன அக்மி நட் ஓரிரு சுற்று ஏறும். அதன் பிட்ச் 5.08 மி.மீ. என்பதால் ஒவ்வொரு மரைக்கும் 0.08 விலகல் சேர்ந்துகொண்டே போய் இறுகி நிற்கும். பலவந்தமாகத் திருப்பினால் பித்தளை நட்டின் பல் போய்விடும்.

பெயர்க் காரணம் வடிவமல்ல. ‘மிகச் சிறந்தது’ என்ற வியாபாரக் காலத்துப் பெருமிதம், அவ்வளவே.

10. நாணல்

அந்தப் பெருமிதம்தான் இச்சொல்லை வேறு பாதையில் இழுத்துப் போனது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கடை, தொழிற்சாலை, அடுப்பு என்று எதற்கும் இந்தப் பெயர். பொருள் ‘தலைசிறந்தது’. சொல் குட்டையாக இருக்கிறது, பெயர்ப் பட்டியலில் அகர வரிசைப்படி முன்னால் வரும். எல்லாரும் வைத்ததால் யாருக்கும் அடையாளமாக இல்லாத பெயராயிற்று.

1949இல் தொடங்கிய ரோட் ரன்னர் கேலிப்படங்களில் கயோட்டி என்ற சிற்றோநாய்க்கு வந்து சேரும் பழுதான கருவிகள் பலவற்றில் ‘அக்மி’ என்று அச்சிட்டிருக்கும். உச்சத்தரம் என்ற பெயர், வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கும் சரக்கு. நகைச்சுவை அந்த முரணில்தான். அதற்கு விரிவாக்கம் ‘எ கம்பெனி மேக்கிங் எவ்ரிதிங்’ என்று சொல்வது பின்னால் கட்டிய கதை. சொல் அதற்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

இப்போது ஆங்கிலம் வாசிக்கும் பலருக்கு அக்மி என்றவுடன் ஓநாய்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஒரு பொறியியல் நிறுவனத்தை மனதாரப் பாராட்டி எழுதும்போது இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. பாராட்டு சிரிப்பாகிவிடும்.

இணையத்தளச் சான்றிதழ்களைத் தானாகப் புதுப்பிக்கும் ‘அக்மி’ நெறிமுறை, 2019இல் வந்த ஆர்எஃப்சி 8555 என்ற இணையத் தர ஆவணம் விவரிப்பது, எழுத்துச் சுருக்கம் மட்டுமே. உச்சத்துக்கும் அதற்கும் பொருளளவில் உறவில்லை.

11. ஏடு

இழை நவீன காலத்துக்கு வந்துவிட்டதால் ஒரு பழைய விஷயம் தவறிவிடக் கூடாது. பழங்கிரேக்கர்களின் பிறந்த ஆண்டு என்று நாம் படிப்பவற்றில் பல, அக்மே கணக்கில் பிறந்தவை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் அப்போலோடோரஸ் ஒரு காலவரிசை தொகுத்தார். பிறப்புக் குறிப்பு கிடைக்காத அறிஞர்களுக்கு ஒரு குறுக்குவழி: அவர் வாழ்வின் பெயர்பெற்ற நிகழ்ச்சியை அக்மே என்று கொள்வது. அக்மே என்றால் 40ஆம் வயது. பின்னோக்கி எண்ணினால் பிறந்த ஆண்டு. கிரேக்க மெய்யியலாளர் தேலஸ் முன்னறிந்து சொன்னதாகக் கூறப்படும் சூரிய கிரகணம் கி.மு. 585இல். 40ஆம் வயது நடப்பு என்றால் நிறைந்தது 39. 585உடன் 39ஐக் கூட்டினால் 624. கலைக்களஞ்சியங்களில் தேலஸின் பிறப்பாண்டாக வரும் 624 இப்படிக் கிடைத்தது. கி.மு. ஆண்டுகளில் பின்னோக்கிப் போகக் கூட்ட வேண்டும். கழித்துவிட்டுக் குழம்புவோர் உண்டு.

ஆகவே அந்த எண்ணைத் தமிழில் தரும்போது ‘சுமார்’ போடாமல் ‘கி.மு. 624இல் பிறந்தார்’ என்று எழுதுவது பிழை. யாரும் பிறப்பைப் பதிவுசெய்யவில்லை. லத்தீன்காரர்கள் இந்த ‘அக்மேயில் இருந்தார்’ என்ற வினையை ‘ஃப்ளோருயிட்’ என்று மாற்றிக்கொண்டார்கள். ‘பூத்திருந்தார்’ என்று அர்த்தம். நூலகப் பட்டியல்களில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ‘எஃப்எல்’ என்ற இரண்டெழுத்தும் ஓர் ஆண்டும் நிற்பது அதன் சுருக்கம். பூத்த ஆண்டு தெரியும், பிறந்த ஆண்டு தெரியாது.

12. மைக்கூடு

யாரும் முகப்பருவைத் தொடவில்லையே. ‘ஆக்னி’ என்ற மருத்துவச் சொல் அக்மியின் எழுத்துப்பிழைப் பிள்ளை என்பதுதான் அகராதிகளில் பெரும்பாலும் காணப்படும் விளக்கம். 6ஆம் நூற்றாண்டு மருத்துவர் அமிடாவின் ஏட்டியஸ் முகத்தில் எழும் பருக்களுக்கு ‘அக்மே’ என்று எழுதியதை, ஏடு பெயர்த்தவர் ‘மியூ’ எழுத்துக்குப் பதில் ‘நியூ’ போட்டு ‘அக்னே’ ஆக்கினார். புள்ளியாக முனைத்து எழுவதால் அந்தப் பெயர் என்று கொள்ளலாம். வாலிபத்தின் அக்மேயில் வருவதால் என்று கொள்வோரும் உண்டு.

இதில் வேடிக்கை, நாணல் பட்டியலிட்ட ஸெனித்தும் இதே நோயில் பிறந்தது. அரபியில் தலைக்கு மேலுள்ள திசை ‘சம்த் அர்-ரஸ்’. ‘சம்த்’ லத்தீன் ஏடுகளில் ஏறியபோது ‘எம்’ எழுத்தின் மூன்று செங்கால்களை ‘என்’ எழுத்தின் இரண்டு கால், ‘ஐ’ எழுத்தின் ஒரு கால் என்று யாரோ படித்துவிட்டார். ‘செனித்’ கிடைத்தது. உச்சத்தைக் குறிக்கும் இரண்டு சொற்கள், இரண்டிலும் மகரம் நகரமானது. ஒன்றில் வானியலுக்குப் புதுச்சொல் கிடைத்தது, இன்னொன்றில் தோல் மருத்துவத்துக்கு.

13. வேர்ச்சொல்

இன்றைய கிரேக்கத்தில் இந்தக் குடும்பம் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டது. அங்கே ‘அக்மி’ (இப்போது ஆங்கிலம்போலவே ‘மி’, ஆனால் அழுத்தம் கடைசி அசையில்) என்றால் செழிப்பின் உச்சம், முகப்பரு, வடிவியலில் திண்மத்தின் விளிம்பு, மூன்றும். கனசதுரத்துக்கு 12 அக்மி. அதன் உச்சிகள் 8. அவற்றுக்குப் பெயர் ‘கொரிஃபி’. ஹோமர் காலத்து விளிம்புப் பொருள் கணிதப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வேர் இன்னும் ஆழம் போகும். ‘அக்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேருக்குக் கூர்மை என்று பொருள். லத்தீனில் புளிப்பு, காரம், ஊசி எல்லாம் இதிலிருந்து: ஆசிட், அக்யூட். பழைய ஆங்கில வழியில் ‘எட்ஜ்’. கிரேக்க ‘அக்ரோஸ்’ வழியில் அக்ரோபாலிஸ், அக்ரோபாட். சமஸ்கிருதத்தில் விளிம்பு, மூலை எனப் பொருள்படும் ‘அஷ்ரி’. தாளத்தில் திஸ்ரம், சதுரஸ்ரம் என்கிறோமே, முறையே முக்கோணம், நாற்கோணம். அவற்றின் கடைசித் துண்டு அக்மிக்குத் தூரத்து உறவு.

14. அரைப்புள்ளி

இவ்வளவுக்குப் பிறகு தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘சிகரம்’, ‘கொடுமுடி’ இரண்டும் மலைச் சொற்கள், நீக்கிவிடுகிறேன். ‘உச்சம்’ போதுமா?

15. ஏடு

பொது வாசகருக்கு ‘உச்சம்’ போதும். ‘சிற்பக்கலை தன் உச்சத்தை எட்டியது’. ஆனால் ‘உச்சம்’ பீக்குக்கும் ஸெனித்துக்கும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வேறு சொல் வேண்டும்.

‘கூர்ப்பு’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். தொல்காப்பிய உரியியலில் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள ஒரு குணம் மிகுவதைக் காட்டும் சொற்கள் அவை. ‘அன்பு கூர்ந்து’ என்று கடிதத்தில் எழுதும்போது அந்தப் பொருள்தான் இன்னும் ஓடுகிறது. கூர்மையிலிருந்து மிகுதிக்குத் தமிழ் தானாகவே நடந்திருக்கிறது, கிரேக்கம் நடந்த அதே வழியில்.

16. நாணல்

அழகான ஒற்றுமை, ஆனால் மொழிபெயர்ப்பில் நிற்காது. ‘கலையின் கூர்ப்பு’ என்றால் வாசகர் கூர்மை என்றே படிப்பார். மேலும் கூர்தல் ஒரு நடப்பு; மிகுந்துகொண்டே போவது. அக்மி என்பது மிகுதல் நின்று, இறங்குதல் தொடங்காத அந்த இடம். ‘உள்ளது சிறத்தல்’ அதற்கு முந்திய கட்டத்துக்கு, ஹெக்கலின் எபக்மேக்கு வேண்டுமானால் பொருந்தும்.

17. கடைசல்

பட்டறையில் இதற்குச் சொல் இருக்கிறது: பதம். உளிக்கும் கத்திக்கும் பதம் என்றால் கூர்மை. ‘பதம் மழுங்கிவிட்டது’ என்போம். உலையிலுள்ள இரும்புக்குப் பதம் என்றால் அடிக்கவோ தோய்த்துக் குளிரவைக்கவோ சரியான கணம். நிறத்தைப் பார்த்துச் சொல்வது. முந்தினால் வளையாது, பிந்தினால் கருகிப் பொரிந்துவிடும். விளிம்பும் ஒரு சொல், வேளையும் அதே சொல். கிரேக்கக்காரர் அக்மேயில் சொன்ன இரண்டும் இதுதானே?

18. வேர்ச்சொல்

பொருள் இரண்டும் அப்படியே உட்காருகின்றன. ஒரே குறை, பதத்தில் ‘மேலானது’ என்ற ஏற்றம் இல்லை. ‘அவர் புலமையின் பதம்’ என்றால் அளவு பார்த்ததுபோல் ஆகிவிடும். எனவே பண்பு, புகழ், கலை என்றால் ‘உச்சம்’. பயிர், உடல், செயலுக்கு ஏற்ற வேளை என்ற பழைய பொருளில் வந்தால் ‘பதம்’. நோய் என்றால் ‘முழு வீச்சு’. பிரசவ அறைக் குறிப்பில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட வேண்டாம். அங்கே ஒரே கலைச்சொல்லாக ‘உச்சம்’ என்றே இருக்கட்டும். நிமிட முள்ளைப் பார்த்து எழுதுகிறவர் தயங்கக் கூடாது.

19. அரைப்புள்ளி

ஏற்றுக்கொள்கிறேன். மிச்சம் இருப்பது பாரக்மே.

20. கடைசல்

பதம் தப்பியது.

21. ஏடு

‘தப்பியது’ என்றால் கிட்டவே இல்லை என்றும் படிக்கலாம். பாரக்மேயில் பதம் கிட்டி, பிறகு போயிருக்கிறது. ‘பதம் கடந்தது’ என்று எழுதுங்கள். பாறைத்தடம் சொன்ன, திரும்பி வருகிற அந்தச் சேற்று உயிருக்கு மட்டும் இதுவும் பொருந்தாது. அதற்கு ‘இடை அரிதாதல்’ என்பதுபோல் வேறு ஒன்று பார்க்க வேண்டும்.

22. பாறைத்தடம்

‘இடைக்காணாமை’ என்று அட்டவணையில் போட்டால் போதும். தலைப்புக் கட்டத்துக்குள் அடங்கும்.